ஒரு பிஞ்சு சௌசௌ அதிகம்

பெட்டி மேல் அச்சிட்ட எடை
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம்.
பெட்டிகள் எதையும் சொல்லும்.
சனிக்கிழமை காலை, சேன்-போல் சந்தையில்,
அலைச்சத்தத்துக்கு முதுகு காட்டிக்
கடை விரித்திருந்த மதாம் கிரோந்தேனிடம்
நிறுத்துத் தரக் கேட்டேன்.
சிரித்தார்.
சலாஸீயிலிருந்து விடியுமுன் வந்திறங்கிய
சௌசௌக் குவியலை ஒதுக்கித்
தராசுத் தட்டைத் துடைத்தார்.

ஒன்று, ஒரு கிலோ முப்பது.
மற்றது, ஒரு கிலோ இருநூற்று நாற்பது.
இரண்டும் சார்ஜரைச் சேர்க்காமல்.

இரண்டும் என்னுடையதல்ல.
புதன்வரை வைத்துப் பாருங்கள் என்று
கடைக்காரர் ஷான்-குன் கொடுத்தது.
என் அடையாள அட்டை
அவர் இழுப்பறையில் உறங்குகிறது.
மூன்றாவதாக ஒன்றும் பிடித்திருந்தது.
பாரிஸிலிருந்து கப்பலில் வர ஆறு வாரம்,
வந்தால் கடல் வரி,
அதற்குள் புயல் பருவமும் வந்துவிடும்.

கிராம் கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல.
மஃபாத்துக்குச் சாலை கிடையாது.
ஹெலிகாப்டரில் அரிசி போகும், எரிவாயு போகும்,
நிரல் எழுதுகிறவள் நடந்துதான் போகவேண்டும்.
எருதுக் கணவாயில் வண்டியை நிறுத்தினால்
மார்லாவுக்கு மூன்று மணி நேரம்:
மரப்படி, சேறு, மறுபடி மரப்படி,
கல் மிதித்துத் தாண்டும் ஓடை.
முதல் மணியில் ஒரு கிலோ ஒரு கிலோதான்.
மூன்றாம் மணியில் அது
தோள்பட்டையில் கடன்காரன்போல்
உட்கார்ந்திருக்கும்.

அங்கே பதினான்கு வீடுகளுக்குச்
சூரியத் தகடுகள், ஒரு மின்கல அறை,
எப்போது யாருக்கு எவ்வளவு என்று
பங்கிட்டுத் தரும் என் நிரல்.
மாதம் இருமுறை அது முரண்டு பிடிக்கும்.

அறையில் மேசை இல்லை.
அதனால்தான் மடங்கும் கணினி.
முதுகை முழுக்க வளைத்துக்
கூடாரம்போல் மின்கலத்தின் மேல் நிறுத்தலாம்;
தட்டையாக்கி முழங்கையில் ஏந்தி
டார்ச்சை வாயில் கவ்விப்
பேனாவால் திரையிலேயே
எந்தக் கம்பி எங்கே என்று வரையலாம்.

ஞாயிறு முழுக்கச் சோதனை.
இலேசானது அழகி.
கீல் ஒரு விரலுக்கு இசைந்தது.
ஆனால் நினைவகம் எட்டே எட்டு.
பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள்,
பின்னால் கூட்ட வழியில்லை.
தலையெழுத்து என்றால் இதுதான்.
விசைப்பலகையோ பிரெஞ்சு.
புதுச்சேரியில் ஆங்கிலப் பலகையில் பழகிய விரல்கள்
ஏ தேடிப் போய் க்யூவில் விழுந்தன.
நெளிந்த அடைப்புக்குறி ஒவ்வொன்றுக்கும்
இரண்டு விசை, ஒரு வசவு.
முழு நிரலையும் தொகுக்கப் பதினொரு நிமிடம்.

கனமானது நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டுப்
பிரஷர் குக்கர்போல் மூச்சு விட்டது.

"ஏழு நிமிஷம்தானே வித்தியாசம்?"
என்றான் கூட வேலை செய்யும் சினிமாலே,
காப்பியைக் கலக்கிக்கொண்டே.
அவன் மார்லாவுக்கு வந்ததில்லை.
அங்கே ஏழு நிமிடத்தில்
மேகம் பள்ளத்தாக்கை மூடிவிடும்.
தொகுத்து முடியும்வரை
பதினான்கு வீட்டுக் குளிர்பெட்டிகளும்
வாயடைத்துக் கிடக்கும்.
அறை வாசலில் யாராவது ஒருவர்
எதுவும் கேட்காமல் நிற்பார்.
கேட்டுவிட்டாலாவது பரவாயில்லை.

கனமானதையே எடுத்துக்கொள்கிறேன்,
மூன்று தவணையில்.
சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டால்
முந்நூறு கிராம் மிச்சம்.
மின்கல அறையிலேயே செருக ஓர் இடம் உண்டு.
நான் திருத்தும் நிரல்தான்
என் கணினிக்கும் மின்சாரம் பங்கிடும்.
தப்பாகத் திருத்தினால்
எல்லோருக்கும் முன்னால்
என் திரைதான் அணையும்.
நியாயம்தான்.

இருநூற்றுப் பத்து கிராம்.
அன்று சந்தையில் மதாம் கிரோந்தேன்
இலேசானதின் மேல்
ஒரு பிஞ்சு சௌசௌவை வைத்து
முள்ளைச் சரிக்கட்டிக் காட்டினார்.
"இவ்வளவுதான் விஷயம்" என்றார்.
பிறகு அதையும் என் பையில் போட்டுக்
காசு வாங்கிக்கொண்டார்.